லிஸ்பனில் ஓர் அலவாங்கு

போன வருடம் ஆடி மாதம். போர்த்துக்கல் நாட்டில் லிஸ்பன் என்ற நகரம். அங்கே ஒரு பழைய கன்னியர் மடத்தின் தோட்டச் சுவரில் என் வலது கை மாட்டிக்கொண்டது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் மேசன். ஊர் யாழ்ப்பாணத்துக் கொடிகாமம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. போர்க்கால இடப்பெயர்வு முடிந்து திரும்பி வந்தபோது ஊரில் சுவர் என்று ஒன்றும் நிற்கவில்லை. வீட்டுத்திட்டம் வந்தது. கல் சுமக்கப் போனேன். சுமந்து சுமந்து, பிறகு வைக்கவும் பழகினேன். பொம்பிளை மேசன் என்று சிரித்தார்கள். சுவர் நேராக நின்றது. சிரிப்பு நின்றுவிட்டது.

கணவர் இல்லை. ஒரு மகள், படிக்கிறாள். வீட்டுக்குச் சோறு போடுவது இந்த வலது கைதான். இது தெரிந்தால் மிச்சம் விளங்கும்.

மானிப்பாயில் ஒரு பழைய கல்வீட்டைத் திருத்திக்கொண்டிருந்தோம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய வீடு. அதைப் பார்க்கக் கட்டடக்கலை படிக்கும் ஒரு பெண் வந்தாள். நெல்லியடிப் பிள்ளை. வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவள் போகவில்லை. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு சாந்து குழைத்தாள். குழைத்தது தண்ணீராகப் போய்விட்டது. அடுத்த நாளும் வந்தாள்.

அவள்தான் ஒரு நாள் கேட்டாள்.

"அக்கா, லிஸ்பனிலை கோடைக்கு ஒரு படிப்பு இருக்கு. மூண்டு கிழமை, இருபத்தொரு நாள். பழைய சுவரை எப்பிடித் திருத்திறதெண்டு கையாலை செய்து படிக்கிறது. சோடியாத்தான் போகவேணும். படிக்கிற ஆள் ஒண்டு, வேலை செய்யிற ஆள் ஒண்டு. நீங்கள் வாறியளோ?"

"எனக்கு இங்கிலீசு தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"நான் படிச்ச ஆளில்லைப் பிள்ளை."

"அவங்கள் அதைக் கேக்கேல்லை அக்கா. கையைத்தான் கேக்கிறாங்கள்."

போக்குவரத்தும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு என்றாள். ஓம், வருகிறேன் என்றேன்.

ஊரில் கதை பரவியது. என் கணவரின் தம்பி வாசல் படலையில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஏன் அண்ணி, வெள்ளைக்காரனுக்குச் சுவர் கட்டத் தெரியாதாமோ? கொடிகாமத்திலை ஆள் தேடுறான்?"

"போய்ப் பாத்திட்டுச் சொல்லுறன்."

"பாசை தெரியாமல் அங்கை போய் ஊமை மாதிரியெல்லோ நிக்கப் போறியள்."

என் பயமும் அதுதான். அவரிடம் சொல்லவில்லை.

மகள் நாலு இங்கிலீசுச் சொல் சொல்லித் தந்தாள். யேஸ், நோ, வோட்டர், ஸ்டொப். "ஸ்டொப்பை மட்டும் மறந்திடாதேங்கோ அம்மா" என்றாள். மறக்கவில்லை. பிறகு உதவியது.

லிஸ்பன் ஏற்றமும் இறக்கமுமான ஊர். எங்கள் குடாநாடு தட்டை. ஒரு கடைக்குப் போய் வர நான் இப்படி மூச்சு வாங்கியதில்லை. ட்ராம் வண்டி மலையில் ஏறும்போது எனக்குக் கால் கூசியது. ஆனால் கல் தெரிந்த கல். வெள்ளையும் மஞ்சளுமான சுண்ணாம்புக்கல். எங்கள் ஊரில் கிணறு வெட்டும்போது வரும் கல்லுக்கு அது சொந்தம். தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தைரியம் வந்தது.

படிப்பு அந்தக் கன்னியர் மடத்தில். பல நாட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். எல்லாரும் சோடி சோடியாக. மற்ற வேலையாட்கள் தட்டுத்தடுமாறியாவது இங்கிலீசு கதைத்தார்கள். நான் ஒருத்திதான் ஒன்றும் இல்லாமல் நின்றேன்.

அவர்கள் படிப்பிக்கும் விதம் எனக்குப் பிடித்துக்கொண்டது. கரும்பலகை இல்லை. முதல் நாளே எல்லார் கையிலும் சாந்தகப்பை கொடுத்தார்கள். சாந்து அள்ளிப் பூசுகிற கரண்டி. காலையில் ஒரு சின்னச் சுவர் கட்டச் சொன்னார்கள். பின்னேரம் அதைக் கல் கல்லாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஏன் நின்றது, எங்கே பிடிக்கவில்லை என்று ஒவ்வொரு கல்லாகத் திருப்பிப் பார்த்தார்கள். நான் இத்தனை வருடம் கட்டியிருக்கிறேன். கட்டியதைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. என் கல்லுக்கு அடியில் சாந்து ஒரு பக்கம் பிடிக்காமல் இருந்தது. அன்றுதான் அதை என் கண்ணால் கண்டேன்.

படிப்புக்குப் பொறுப்பானவர் ஒரு பேராசிரியை. நரைத்த தலை. வேலை முடிந்ததும் அவரே வாளியில் தண்ணீர் எடுத்து எல்லாருடைய சாந்தகப்பைகளையும் கழுவி வைப்பார். யாரும் ஓடிப்போய்ப் பறிக்கவில்லை. அவர் கழுவ, மற்றவர்கள் கூட்டினார்கள். அங்கே அது வழக்கம். நான் பறிக்கப் போனேன். விளக்குமாற்றைத் தந்தார்.

சுவர் வேலைக்குப் பொறுப்பு அந்த ஊர் மேசன் ஒருவர். அறுபது வயதிருக்கும். நல்ல தடித்த கை. எல்லாரும் அவரை ஏதோ சொல்லிக் கூப்பிட்டார்கள். நெல்லியடிப் பிள்ளையைக் கேட்டேன்.

"என்னெண்டு கூப்பிடுகினம்?"

"மெஸ்த்ர எண்டு. மேஸ்திரி மாதிரித்தான் கேக்குது அக்கா."

நான் "மேஸ்திரியார்" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் மேஸ்திரியார். அவருக்கும் இங்கிலீசு வராது. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் சூடை மாதிரி ஒரு மீனைச் சுட்டு வைத்திருந்தார்கள். மேஸ்திரியார் என் பக்கம் ஒரு பெரிய ரொட்டியைத் தள்ளி, "பாவ்ன்" என்று மூக்கால் சொன்னார்.

"பாண்" என்றேன் நான். எங்கள் ஊரில் அதற்கு அதுதான் பெயர்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். பாணைத் தூக்கிக் காட்டினார். நான் மறுபடியும் "பாண்" என்றேன். அவர் மேசையைத் தட்டி "மேசா" என்றார். "மேசை" என்றேன். இருந்த கதிரையைத் தட்டினார். "கதெய்ரா." "கதிரை." யன்னலைக் காட்டினார். "ஜனேலா." "யன்னல்." காலைத் தூக்கிச் சப்பாத்தைக் காட்டினார். அதுவும் சப்பாத்துத்தான்.

எனக்குத் தலை சுற்றியது. இதெல்லாம் தமிழ் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நெல்லியடிப் பிள்ளைக்குச் சிரிப்பு.

"அக்கா, இவங்கள் முந்தி யாழ்ப்பாணத்தை ஆண்டவங்களெல்லோ. விட்டிட்டுப் போன சொல்லுகள் இது."

"அப்ப எங்கடை ஆக்கள் இதுகளுக்கு முந்தி என்ன சொன்னவை?"



மேஸ்திரியாருக்கு என்னைவிட ஆச்சரியம். கைத்தொலைபேசியை எடுத்து மனைவிக்கு அடித்தார். என் வாய்க்கு முன்னால் பிடித்து, சொல்லு என்று கையைக் காட்டினார். முன்பின் தெரியாத ஒரு மனுசிக்கு நான் என்ன சொல்வேன்? "குசினி" என்றேன். சமையலறையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "அலுமாரி. தாச்சி. துவாய்." அந்த அம்மா கூவியது மேசையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. பிறகு அவர் ஏதோ கேட்டார். நெல்லியடிப் பிள்ளை பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுச் சொன்னாள்.

"உன்ரை வீட்டிலை வந்து ஆர் சாமான் அடுக்கினது எண்டு கேக்கிறா அக்கா."

வீட்டுச் சாமான்களின் பெயரைத்தான் அன்றைக்குச் சொன்னோம். வேலைச் சாமான்கள் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த நாள் எனக்குத் துணிவு கூடிவிட்டது. இனி நான் ஊமை இல்லை என்ற எண்ணம். சாந்து அள்ள வேண்டியிருந்தது. "மேஸ்திரியார், தாச்சி" என்றேன். ஓம் ஓம் என்று போனார். திரும்பி வந்தபோது கையில் மூடி போட்ட சமையல் சட்டி. எங்கள் ஊரில் பொரிப்பதும் தாச்சி, சாந்து அள்ளுவதும் தாச்சி. அவர்களிடம் அடுப்பில் வைப்பது மட்டும்தான் தாச்சி. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

பின்னேரம் இன்னொன்று. சுவரின் மேல் நின்றேன். இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு கல் தேவைப்பட்டது. கீழே பார்த்து "கல்" என்றேன். மேஸ்திரியார் ஒரு வாளி நிறையச் சுண்ணாம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கல்" என்று கல்லைக் காட்டினேன்.

"கல்" என்று வாளியைக் காட்டினார்.

"உது சுண்ணாம்பு. இதுதான் கல்!"

"கல்!" என்று வாளியை இன்னும் உயர்த்தினார்.

அவர்கள் பாசையில் சுண்ணாம்புக்குப் பெயர் கல். நான் எப்படி அறிவேன்? இந்த முறை சிரிப்பு இன்னும் பெரிது. பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னையும் நெல்லியடிப் பிள்ளையையும் ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். அவர் சொல்லச் சொல்ல அவள் தமிழில் சொன்னாள்.

"சட்டி மாறினாப் பிழையில்லையாம் அக்கா. கல்லும் சுண்ணாம்பும் மாறினா ஆள் அடிபடுமாம். நான் பக்கத்திலை நிக்கேக்கை மட்டும் நீங்கள் சுவரிலை ஏறலாமாம். நான் இல்லாட்டிச் சாந்து குழைக்கிற இடத்திலை நிக்கவேணுமாம். உங்கடை நன்மைக்குத்தானாம்."

அவர் சொன்னது சரி. எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அன்றைக்குப் பாண் இறங்கவில்லை. இவ்வளவு தூரம் வந்து சாந்து குழைப்பதற்கு ஊரிலேயே இருந்திருக்கலாம்.

அப்படியே ஒரு கிழமை ஓடியது. அவள் நின்றால் நான் சுவரில். அவள் போனால் சாந்தில். ஒரு நாள் காலையில் அவளைப் படம் வரைகிற குழு கூட்டிக்கொண்டு போனது. நான் சாந்து குழைத்தேன். மேஸ்திரியார் சுவரடியில் நின்று என்னைப் பார்த்தார். கையை அசைத்தார். வா என்று. நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். மறுபடியும் அசைத்தார். போனேன். சட்டம் தெரியும். ஆனாலும் போனேன்.

அடிவரிசையில் ஒரு பெரிய கல். மூன்று பேர் தூக்க வேண்டிய கல். அதன் ஒரு பக்கத்தை மர ஆப்பில் நிறுத்தியிருந்தார். கீழ் இடுக்கில் சின்னக் கற்களை வைத்து இறுக்க வேண்டும். பிறகு ஆப்பைத் தட்டி எடுத்தால் கல் இருந்துகொள்ளும். மேஸ்திரியார் இடுக்கைக் காட்டினார். நான் முதல் கல்லை வைத்தேன். பார்த்தார். நல்லது என்று தோளில் தட்டிவிட்டுச் சுவரின் மறு கோடிக்குப் போனார். அங்கே அவருக்குக் கல் கொத்துகிற வேலை. உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

என்னோடு நின்றது இரண்டு பேர். போலந்துப் பிள்ளை ஒருத்தி. உயரமான ஒரு ஸ்பானியப் பெடியன். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள்.

இரண்டாவது கல்லை உள்ளே தள்ளினேன். சரியாக இருக்கவில்லை. கையை மணிக்கட்டு வரை விட்டுத் திருப்பினேன். ஆப்பு ஈரம். வழுக்கியது.

பெரிய கல் இறங்கியது. சத்தமே இல்லை. நான் வைத்த முதல் கல்லில் முட்டி நின்றது. என் கை உள்ளே. நசியவில்லை. ஆனால் அசையவும் இல்லை. புறங்கையில் கல்லின் பாரம் இருந்தது. அந்தச் சின்னக் கல்லுக்கு இருக்கிற பலம்தான் என் கைக்கு இருந்த ஆயுள். அது நறநறவென்றது. எனக்குக் கேட்டது.

பெடியன் பாய்ந்து வந்து பெரிய கல்லைத் தன் பக்கம் இழுக்கப் போனான். நல்ல மனம்தான். ஆனால் இழுத்தால் சின்னக் கல் உருளும்.

"ஸ்டொப்!"

நின்றுவிட்டான். மகளுக்குப் புண்ணியம். ஆனால் நின்றால் மட்டும் கை வெளியே வராதே. போலந்துப் பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. தரையில் விழுந்து, தன் தோளைக் கல்லின் கீழ் விளிம்பில் கொடுத்துக்கொண்டாள். முகம் சிவந்தது. என்னைப் பார்த்து இங்கிலீசில் ஏதோ கேட்டாள். என்ன வேண்டும் என்றுதான் கேட்டிருப்பாள். என்னிடம் இருந்த நாலு சொல்லில் அதற்குச் சொல் இல்லை.

வோட்டர் என்று சொல்லவா முடியும்?

அப்போது நான் யோசிக்கவில்லை. கொடிகாமத்தில் கல் இறங்கினால் என்ன கத்துவேனோ அதைக் கத்தினேன்.

"அலவாங்கு! அலவாங்கு கொண்டு வாங்கோ!"

அலவாங்கு என்றால் கடப்பாரை. பெடியன் முழித்தான். அவனுக்கு நான் வலியில் கத்துவதாகப் பட்டிருக்கும். நான் விடவில்லை. "அலவாங்கு!"

மறு கோடியில் உளிச் சத்தம் நின்றது.

மேஸ்திரியார் ஓடி வந்தார். அறுபது வயது மனுசன் அப்படி ஓடி நான் கண்டதில்லை. கையில் நீளமான இரும்பு. எங்கள் வீட்டு மூலையில் நிற்கிற அதே இரும்பு. என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. பார்க்கவே இல்லை. வரும்போதே கொண்டு வந்தார். நான் மேஸ்திரியார் என்று கூப்பிட்டிருந்தால் வெறுங்கையோடுதான் வந்திருப்பார். வந்து பார்த்து, பிறகு திரும்பி ஓடி எடுத்து வர வேண்டும். அதற்குள் அந்தச் சின்னக் கல் நின்றிருக்குமோ தெரியாது.

அலவாங்கின் நுனியைக் கல்லுக்குக் கீழே கொடுத்தார். பெடியன் ஒரு கல்லை முட்டுக்கு வைத்தான். மேஸ்திரியார் இரும்பை அழுத்தினார். கல்லைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அழுத்தினார். ஒரு நூல் அளவு எழும்பியது. நான் ஓம், சரி என்று தலையை ஆட்டினேன். அவர் உடனே நிறுத்தினார். நாங்கள் ஓம் என்று தலையாட்டுவது அவர்களுக்கு இல்லை என்பது போலத் தெரியும். "யேஸ்! யேஸ்!" என்றேன். மறுபடியும் அழுத்தினார்.

கை வந்தது.

தோல் உரிந்து இரத்தம். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். ஐந்தும் மடங்கின.  தரையில் இருந்துவிட்டேன். போலந்துப் பிள்ளை அதற்குப் பிறகுதான் தோளை எடுத்தாள். மேஸ்திரியார் இரும்பை விட்டார். கல் இறங்கியது. கீழே சின்னக் கல் தூளாகும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

மேஸ்திரியாரும் தரையில் இருந்தார். லேஞ்சியை எடுத்து முகம் துடைத்தார். பக்கத்தில் கிடந்த இரும்பைத் தட்டினார்.

"அலவாங்கா" என்றார்.

"ஓம். அலவாங்கு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்பு உடையவில்லை. கட்டுப் போட்டு விட்டார்கள்.

திரும்பி வரும்போது எனக்கு ஒரு நினைப்புத்தான். இனிச் சுவர் இல்லை. ஊருக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். எங்கள் ஊரில் கை அடிபட்டால் முதலில் வருவது பேச்சு. தண்ணீர் பிறகுதான். "ஆர் உன்னை அங்கை கைவைக்கச் சொன்னது?" இதைக் கேட்காத வேலைத்தளம் ஒன்றை நான் கண்டதில்லை. நானும் மற்றவர்களைக் கேட்டிருக்கிறேன்.

பின்னேரம் எல்லாரையும் அந்தச் சுவரடியில் வட்டமாக இருத்தினார்கள். நெல்லியடிப் பிள்ளை ஓடி வந்து என் கையைப் பார்த்துவிட்டு அழுதாள். பிறகு பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டு வந்தாள்.

"மேஸ்திரியார் தன்ரை பிழை எண்டு சொல்லுறார் அக்கா. ஈர ஆப்பை வைச்சது தானாம். உங்களைக் கூப்பிட்டதும் தானாம்."

பேராசிரியை கையை உயர்த்தினார்.

"அவ சொல்லுறா, இல்லையாம், தன்ரை பிழையாம். உங்களிட்டை இருந்து என்னைப் பிரிச்சு அனுப்பினது தானாம். அப்பிடி அனுப்ப முந்தி, ஆபத்துக்குத் தேவையான சொல்லை எல்லாருக்கும் படிப்பிச்சிருக்க வேணுமாம்."

"என்ரை பிழை எண்டு சொல்லு" என்றேன். "வரக்கூடாது எண்டு தெரிஞ்சும் வந்தனான். கையை விடாமல் தடியாலை தள்ளியிருக்கவேணும்."

சொன்னாள். மேஸ்திரியார் ஒத்துக்கொள்ளவில்லை. பேராசிரியையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்பானியப் பெடியன் எழும்பி, இழுக்கப் போனது தன் பிழை என்றான். எங்கள் ஊரில் எல்லைவேலிக்குத்தான் இப்படி எனக்கு உனக்கு என்று சண்டை பிடிப்பார்கள். பிழைக்குச் சண்டை பிடித்ததை அங்கேதான் கண்டேன்.

பிறகு அந்தக் கல்லைத் தூக்கி, ஆப்பை எடுத்து, கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். ஈரத்தைத் தடவினார்கள். தூளான கல்லையும் அள்ளிப் பார்த்தார்கள். முதல் நாள் சுவரைப் பிரித்துப் பார்த்த மாதிரியே இதையும் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவர் குரலும் உயரவில்லை.

என்னை அனுப்பவில்லை. பேராசிரியை ஒன்று செய்தார். அலவாங்கைத் தூக்கிப் பிடித்து, இதற்கு இந்த வேலைத்தளத்தில் இன்றுமுதல் ஒரே பெயர் என்றார். என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். போலந்துப் பிள்ளைக்குக் கடைசி எழுத்து வரவில்லை. "அலவாங்கூ" என்று இழுத்தாள். பிறகு நில், தூக்கு, விடு என்பவற்றையும் எல்லாருக்கும் பொதுவாகப் பழக்கினார்கள். அவை இங்கிலீசில். நானும் படித்தேன். நான் படித்து முடிக்கும்வரை எல்லாரும் இருந்தார்கள்.

கட்டு அவிழ்ந்ததும் சுவரில் ஏறினேன். நெல்லியடிப் பிள்ளை பக்கத்தில் நின்றாலும் ஏறினேன். நில்லாவிட்டாலும் ஏறினேன். அந்தப் பெரிய கல்லை மேஸ்திரியாரும் நானும்தான் வைத்து முடித்தோம். காய்ந்த ஆப்பு. அவர் அதை என் முகத்துக்கு நேரே பிடித்து, தொட்டுப் பார் என்றார். தொட்டுப் பார்த்தேன். பிறகுதான் வைத்தார்.

கடைசி நாள் சாப்பிடும்போது மேஸ்திரியார் நெல்லியடிப் பிள்ளை மூலம் ஒன்று கேட்டார். அவர் தன் நாட்டைவிட்டு எங்கும் போகாதவர். யாழ்ப்பாணம் என்ற பெயரையே என் வாயால்தான் முதலில் கேட்டாராம்.

"எங்கடை ஆக்கள் உங்கை வந்து என்ன செய்தவை எண்டு கேக்கிறார் அக்கா."

நான் யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம் நினைவு இருந்தது.

"கோட்டை கட்டினவை எண்டு சொல்லு. கல்லுக் கோட்டை. இண்டைக்கும் இருக்கு."

சொன்னாள். அவருக்குச் சந்தோசம். மேசனுக்கு மேசன் கட்டியதைக் கேட்டால் சந்தோசம்தானே. அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதை நான் சொல்லவில்லை. ஓடி வந்த மனுசன். அவரிடம் ஏன்?

அவருடைய மனைவியும் அன்றைக்கு வந்திருந்தார். என் கையைப் பிடித்துத் தழும்பைத் தடவினார். ஒரு துணிப்பொதியைத் தந்தார். உள்ளே ஒரு துவாய், துடைக்கிற துண்டு. "துவாய்" என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஊருக்கு வந்தேன். கணவரின் தம்பி படலையில் காத்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணி, அவங்களுக்குச் சுவர் கட்டத் தெரியுமோ?"

"தெரியும். பிரிக்கவும் தெரியும்."

அவருக்கு விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தவும் இல்லை.

இப்போது கொடிகாமத்துப் பக்கம் ஒரு மதில் வேலை. என்னோடு மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். வந்த புதிதில் இந்தக் கதையைச் சொன்னேன். எல்லாரும் என் தழும்பைப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி வாய்க்காரி. மூலையில் நின்ற அலவாங்கைக் காட்டிக் கேட்டாள்.

"அக்கா, உதாலைதானே அவங்கள் எங்கடை கோயிலுகளை இடிச்சுக் கோட்டைக்குக் கல்லெடுத்தவங்கள்?"

"ஓம்."

"அதைச் சொல்லியிருக்கலாமெல்லோ அந்தாளுக்கு?"

"கோயிலை இடிச்சது அந்தாளில்லை. என்ரை கையை வெளியிலை எடுத்ததுதான் அந்தாள்."

 பிறகு அவளே அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்லுக்குக் கீழே கொடுக்க முன், ஆப்பை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நான் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

அந்தச் சொல் எங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும், அதைக் கேட்டு ஒருவர் எப்படி ஓடி வந்தார் என்பதும் தெரியும். அலவாங்கைத் தொடும்போதெல்லாம் இரண்டையும் நினைக்கிறேன், ஒன்றுக்காக மற்றதை மறக்க எனக்கு மனமில்லை.